நிற்கத் தெரிந்த வண்டி

எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் கார் வாங்கப் போகிறார்.

"இதில் என்ன அதிசயம்?" என்று நேயர்கள் கேட்கலாம். அதிசயம் இருக்கத்தான் இருக்கிறது. சென்ற பதினைந்து வருஷங்களாக அவர் கார் வாங்கப் போகிறவராகவே இருந்து வருகிறார். ஒவ்வொரு தை மாதமும் தீர்மானம் உறுதிப்படும். சித்திரை பிறப்பதற்குள் பெண்ணின் படிப்பு, வீட்டுக் கூரை ஒழுக்கு, மாமனாரின் கண் சிகிச்சை என்று ஏதாவது ஒன்று வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விடும். இந்த வருஷம் பெண்ணுக்கு உத்தியோகமாகிவிட்டது. கூரையும் ஒழுகவில்லை. மாமனாருக்கு இரண்டு கண்ணும் தீட்சண்யமாகத் தெரிகிறது. ஆகவே போன வாரம் மத்தியான இடைவேளையில், டிபன் பாத்திரத்தைத் திறந்துகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஸார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த வண்டி நல்ல வண்டி?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவன் என்பதோ, ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் போதிக்கிறேன் என்பதோ காரணமல்ல. எங்கள் ஊரில் நான் மோட்டார்ப் பைத்தியம் என்று பெயர் வாங்கியவன். பால்யத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைத்தெருக் கோடியிலுள்ள மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போவேன். பெட்ரோல் வாசனைக்கு மல்லிகை வாசனை ஈடாகாது என்பது அந்த வயதில் என்னுடைய திடமான அபிப்பிராயம். வகுப்பில் உட்கார்ந்தபடியே, தெருவில் போவது டாக்டர் வீட்டு ஃபியட்டா, டாக்ஸி ஸ்டாண்டு அம்பாஸடரா என்று சத்தத்தைக் கொண்டே சொல்லிவிடுவேன். இந்த வித்தைக்காக உபாத்தியாயர் என்னைப் பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொல்வார். ஏறி நின்றால் ஜன்னல் வழியாக வண்டி இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்போது எனக்கென்று ஒரு வண்டி இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து மாருதி 800. எனக்கு முன்னால் இரண்டு பேரிடம் ஊழியம் செய்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. ஓடுகிற நாட்களில் என் மனைவி அதை "நம்ம வண்டி" என்பாள். மெக்கானிக் ஷெட்டில் படுத்திருக்கும் நாட்களில் "உங்கள் வண்டி" என்பாள். சென்ற ஆனி மாதத்தில் அதற்குப் புதிதாக இரட்டை ஹாரன் போட்டேன். அந்த ஹாரனைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. நேயர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

தமிழாசிரியருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மோட்டார்ப் பைத்தியத்திடம் மோட்டாரைப் பற்றிக் கேட்டுவிட்டு ஒரு வரியில் தப்பித்துக்கொள்ள முடியுமா? அம்பாஸடரிலிருந்து ஆரம்பித்தேன்.

அம்பாஸடர் என்ற பெயரைக் கேட்டாலே நம்மில் பலருக்கு நெஞ்சு இளகிவிடுகிறது. கல்யாண மாப்பிள்ளையும், ஜில்லாக் கலெக்டரும், பிரசவ வேதனையில் துடித்த பெண்ணும் அதில்தான் போனார்கள். ஏழு பேர் ஏறுவார்கள். எட்டாவது ஆளை டிரைவர் தம் மடியில் பாதி வைத்துக்கொள்வார். அது நம்முடைய சுதேசிக் கார் என்று பெருமைப்பட்டோம். உண்மையில் அதன் பூர்வீகம் இங்கிலாந்து. 1942-இல் பிர்லா குடும்பத்தார் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, முதலில் குஜராத்தில் ஓகா துறைமுகத்திலும், 1948 முதல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவிலும் தொழில் நடத்தியது. அங்கிருந்து 1950-களின் பிற்பகுதியில் வெளிவந்த அம்பாஸடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரைப் பார்த்துச் செய்தது. ஆங்கிலேயன் தன் நாட்டில் அந்த மாடலைச் சில வருஷங்களிலேயே மறந்துவிட்டான். நாம் அதற்குக் கதர் கட்டி ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டாடினோம். 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயர் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சு மோட்டார்க் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

எனக்கும் அதன் மேல் ஆசை உண்டு. ஆனால் ஆசைக்காக உண்மையை மறைக்கக் கூடாது. போட்டியில்லாத சந்தையில், லைசென்ஸுக்குக் கட்டுப்பட்ட தொழிலில், பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த ஜனங்களுக்கு எது கிடைத்ததோ அதுவே உயர்ந்ததாகத் தோன்றியது. வேறு வண்டி வந்ததும் தெரிந்துவிட்டது. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை ஸ்ரீமதி இந்திரா காந்தி கொடுத்தார். ஜப்பானிய ஸுஸுகி கம்பெனியின் கூட்டுறவுடன் செய்த வண்டி; மூன்று ஸிலிண்டர், 796 ஸி.ஸி. எஞ்ஜின். அம்பாஸடருக்கு முன்னால் நிறுத்தினால் தாத்தாவின் கைப்பெட்டி மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கைப்பெட்டியில்தான் குமாஸ்தாவும், உபாத்தியாயரும், தபால் ஆபீஸ்காரரும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு முதன்முதலாகப் பழனிக்குப் போனார்கள். விதியின் விளையாட்டைப் பாருங்கள், அதன் உற்பத்தியும் 2014-ஆம் வருஷம் ஜனவரியில்தான் முடிந்தது. தாத்தாவும் பேரனும் ஒரே வருஷத்தில் விடைபெற்றுக்கொண்டார்கள்.

ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்திருக்கின்றன. அங்கே நம் பிள்ளைகள் கை பட்டு உருவாகும் கார்கள் கப்பலேறி அயல் நாடுகளுக்குப் போகின்றன. ஆகவே, கார் செய்யத் தெரியாத தேசம் என்று நம்மை இனி யாரும் சொல்ல முடியாது.

தமிழாசிரியர் சாம்பார் சாதத்தை முடித்துத் தயிர் சாதத்துக்கு வந்திருந்தார். "அதெல்லாம் சரி ஸார். மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்? ஏழு பேர் உட்காரலாமா? மேற்கூரை திறக்கிற மாதிரி இப்போது வருகிறதாமே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக் கூரையில் இருந்த ஓட்டையை அடைப்பதற்காக ஒரு வருஷம் காரைத் தியாகம் செய்தவர், இப்போது கூடுதலாகப் பணம் கொடுத்துக் காரின் கூரையில் ஓட்டை வாங்க விரும்புகிறார்! சித்திரை வெயிலில் குடை பிடித்து நடக்கிற தேசம் இது. கார்க் கடைக்குப் போனால் மட்டும் நமக்கு ஆகாயத்தைப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது.

கார் வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளை நான் வெகு காலமாகக் கவனித்து வருகிறேன். விலை என்ன, மைலேஜ் என்ன, எத்தனை வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், பாட்டுப் பெட்டி எத்தனை அங்குலம்? பிரேக்கைப் பற்றி வாயைத் திறக்கிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. வண்டியை ஓட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஓட்டித்தான் பார்க்கிறார்கள். நிறுத்திப் பார்க்கிறவர் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, குணத்தை விசாரிக்காமல் திரும்புவது போலத்தான் இது.

உலகத்தில் மோட்டார் காரில் முதல் நெடும் பிரயாணம் செய்த அம்மாளுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் தமது மோட்டார் வண்டிக்குப் பேட்டண்டு வாங்கினார். ஆனால் அதை நம்பி வாங்குவதற்கு ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலையில், அவருடைய மனைவி பெர்த்தா அம்மாள் கணவரிடம் சொல்லாமலே இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தம் தாயார் வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். மேட்டில் பிள்ளைகள் தள்ளினார்கள். பள்ளத்தில்தான் உண்மையான ஆபத்து. மரக்கட்டையாலான பிரேக் தேய்ந்துபோயிற்று. அந்த அம்மாள் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, பிரேக் கட்டையின் மேல் தோலை அடிக்கச் சொன்னார். இன்று ஒவ்வொரு காரிலும் இருக்கும் பிரேக் லைனிங்குக்கு அந்தத் தோல்தான் மூதாதை என்று சொல்வார்கள். ஓடுகிற யந்திரத்தைக் கணவர் கண்டுபிடித்தார். அதை நிறுத்துவதற்கு வேண்டிய புத்தி மனைவிக்கு இருந்தது. இல்லறத்தில் இது புதிய செய்தியல்ல.

அதற்கு எழுபது வருஷத்துக்குப் பிறகு ஸ்வீடன் தேசத்தில் நில்ஸ் போலின் என்ற எஞ்ஜினீயர் இருந்தார். ஆகாய விமானம் விபத்துக்குள்ளாகும்போது விமானியை ஆசனத்தோடு வெளியே தூக்கி எறியும் சாதனங்களில் வேலை செய்தவர். 1958-இல் வால்வோ கார்க் கம்பெனியில் சேர்ந்தார். 1959-இல், மனிதன் வெளியே தூக்கி எறியப்படாமல் இருப்பதற்காக மார்பிலும் இடுப்பிலும் குறுக்கே போகும் வாரைச் செய்து கொடுத்தார். இன்று எல்லாக் கார்களிலும் இருப்பது அந்த வார்தான். வால்வோ கம்பெனி அந்தப் பேட்டண்டைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. வியாபார உலகில் இப்படிப்பட்ட தர்மத்தை அடிக்கடி பார்க்க முடியாது.

அந்தத் தர்மத்துக்கு நாம் செய்யும் மரியாதை எப்படியிருக்கிறது? போலீஸ்காரர் தலை தெரிந்ததும் வாரை இழுத்து அங்கவஸ்திரம் மாதிரி தோளில் போட்டுக்கொள்கிறோம். தலை மறைந்ததும் விட்டுவிடுகிறோம். வார் மாட்டவில்லையென்று கார் கூவி எச்சரித்தால், அதன் வாயை அடைப்பதற்காக வெறும் கொக்கியை மட்டும் வாங்கிச் செருகி வைக்கிறோம். இந்தக் கொக்கிகளின் விற்பனையை நிறுத்தும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரிய இணைய வியாபாரிகளுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. உயிரைக் காப்பாற்று என்று கெஞ்சுகிற யந்திரத்தைக் காசு கொடுத்து ஏமாற்றுகிற சாமர்த்தியம் நமக்கு இருக்கிறது.

இவையெல்லாம் காருக்குள்ளே இருப்பவர்களின் விஷயம். 2023 அக்டோபர் முதல் நம் தேசத்தில் கார்களை மோதவிட்டுப் பரீட்சித்து நட்சத்திரம் கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. நல்ல காரியம். அந்த நட்சத்திரங்களும் பெரும்பாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் க்ஷேமத்தைப் பற்றியவை. வெளியே நடந்து போகிறவர்களின் கதி என்ன?

ஆதியில் இந்தக் கேள்வியைச் சற்று அதிகமாகவே யோசித்தார்கள். 1865-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு செய்த சட்டப்படி, சாலையில் யந்திர வண்டி போனால் அதற்கு அறுபது கஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். நகரத்தில் மணிக்கு 2 மைல், வெளியில் 4 மைலுக்கு மேல் வேகம் கூடாது. 1896-இல் அந்தக் கட்டுப்பாடுகள் நீங்கின. இன்று அதைச் சொன்னால் குழந்தைகள்கூடச் சிரிக்கும். ஆனால் அந்தச் சிவப்புக்கு ஓர் அர்த்தம் இருந்தது. 'சாலை முதலில் நடக்கிறவருடையது. நீ விருந்தாளியாக வந்திருக்கிறாய். அடக்கமாக வா' என்று அது வண்டிக்குச் சொன்னது.

நம் தேசத்திலும் ஒரு சிவப்பு இருந்தது. காரின் கூரையில் சுழலும் விளக்கு. அது நேர்மாறான உபதேசம் செய்தது. 'நான் வருகிறேன், மற்றவர்கள் ஒதுங்குங்கள்' என்றது. மந்திரிகளில் ஆரம்பித்து யார் யாரோ அதை ஏற்றிக்கொண்டார்கள். 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு எல்லை கட்டியது. 2017 மே 1-ஆம் தேதி முதல் மத்திய சர்க்கார் அதை அடியோடு இறக்கிவிட்டது. 1930-இல் ஒரு சாம்ராஜ்யத்தையே அசைத்த தண்டி யாத்திரை கால்நடையாக நடந்தது. அப்படிச் சுதந்திரம் வாங்கிய தேசத்தில், நடக்கிறவரை ஒதுங்கச் சொல்லும் விளக்கு இறங்குவதற்கு எழுபது வருஷம் ஆயிற்று.

கூரையிலிருந்து இறங்கிய விளக்கு எங்கே போயிற்று? என் அபிப்பிராயத்தில், அது ஸ்டியரிங் பிடிக்கிற ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறரைச் சொல்வானேன்? என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஒன்பதாம் வகுப்பில் இயக்கத்தைப் பற்றிய பாடம். கார் உதாரணம் என்றால் எனக்குக் கேட்க வேண்டுமா? கரும்பலகையில் உற்சாகமாகக் கணக்குப் போட்டேன். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒருவருக்கு ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் வைத்த பிறகு, நல்ல டயரும் ஈரமில்லாத தார் ரோடுமாக இருந்தால், வேகம் ஒவ்வொரு வினாடிக்கும் வினாடிக்கு 7 மீட்டர் வீதம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், யோசிப்பதற்குள் 11 மீட்டர், பிரேக் பிடித்து நிற்பதற்குள் 9 மீட்டர், மொத்தம் 20. வேகத்தை இரு மடங்காக்கி 80-இல் வந்தால், யோசனைக்கு 22, பிரேக்குக்கு 18 அல்ல, 35, மொத்தம் 57. "வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்கு. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அதிகம் பேசாதவன். தகப்பனார் கொத்தனார் வேலை செய்கிறவர்.

"ஸார், 50-க்கும் போட்டுக் காட்டுங்க ஸார்."

போட்டேன். யோசனைக்கு 14, பிரேக்குக்கு 14. மொத்தம் 28 மீட்டர்.

"15 மீட்டர்ல ஒரு ஆள் நின்னா, ஸார்?"

"யோசித்து முடிப்பதற்குள்ளேயே 14 மீட்டர் போய்விடுகிறது. மிச்சம் ஒரு மீட்டர். பிரேக் பிடித்தும் பிடிக்காததும் ஒன்றுதான். ஏறக்குறைய முழு வேகத்தில் மோதிவிடும்" என்றேன். கணக்குச் சரியாக வந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

பையன் உட்காரவில்லை. "திங்கக்கிழமை காலையில நீங்க வேப்ப மரத்துக்கிட்ட ஹாரன் அடிச்சீங்க ஸார். வாசல்ல என் தங்கச்சி நின்னுக்கிட்டிருந்தா. நான் இழுத்துக்கிட்டேன். மரத்துலேருந்து வாசல் 15 மீட்டர் ஸார். அப்பாவோட டேப்பை எடுத்துக்கிட்டு வந்து அளந்தேன். நீங்க எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் 50-ன்னு வச்சுக்கிட்டேன்."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்கிற குரல். அவனுக்குத் தெரியாத வேகம் எனக்குத் தெரியும். அன்று மணி அடித்துவிடப் போகிறதே என்று வந்துகொண்டிருந்தேன். 50-க்குக் குறைவில்லை.

அந்தத் திங்கட்கிழமையும் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. வாசலில் நின்ற குழந்தைகள் சிதறி விலகியதைப் பார்த்தேன். 'பரவாயில்லை, புது ஹாரனுக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை' என்று திருப்தியடைந்தேன். அவர்களில் ஒரு பெண் குழந்தை விலகவில்லை, இழுக்கப்பட்டாள் என்பது என் கண்ணில் படவில்லை.

வகுப்பில் நாற்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓட்டியவர் செய்தது தப்பு" என்று ஆரம்பித்தேன். அது போதாது என்று தோன்றியது. "நான் செய்தது தப்பு" என்றேன். இருபது வருஷ உத்தியோகத்தில் கரும்பலகைக்கு முன்னால் அந்த வாக்கியத்தை நான் அதுவரை சொன்னதில்லை. பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அடுத்த கணக்கைப் போட்டேன். மணிக்கு 30 கிலோமீட்டர். யோசனைக்கு 8-க்குச் சற்று அதிகம், பிரேக்குக்கு 5; மொத்தம் 13-க்குச் சற்று அதிகம். குழந்தைக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு வண்டி நின்றுவிடுகிறது. அந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவே பள்ளிக்கூட வாசலில் எனக்கு மிச்சமாகும் நேரம் எவ்வளவு என்பதையும் பையன்களே கணக்கிட்டார்கள். நூறு மீட்டர் தூரத்துக்கு ஐந்து வினாடி கூடக் கிடையாது.

மத்தியானம் ஆரம்ப வகுப்புப் பக்கம் போய் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். அவள் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவருதான் ஹாரன் ஸாரா?" என்று கேட்டாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அன்று முதல், புள்ளிவிவரங்களை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-இல் நம் தேசத்துச் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460-க்கு மேல். எங்கள் பள்ளிக்கூடத்தின் மொத்த வருகைப் பதிவேடும் அவ்வளவு இராது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காலால் நடந்து போனவர். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இரு சக்கர வண்டியில் போனவர்கள். பத்தில் ஏழு மரணங்களுக்குக் காரணம் அதிவேகம் என்று அதே கணக்குச் சொல்கிறது. சட்டத்தில் குறையில்லை. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர்களைத் தொல்லை செய்யக் கூடாது என்று 2019-இல் மோட்டார்ச் சட்டத்தில் திருத்தம் செய்தார்கள். நம் மாகாணத்தில் 2021 டிசம்பரில் ஆரம்பித்த திட்டத்தின்படி, விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குச் சர்க்கார் பணம் கொடுக்கிறது. இரண்டும் போற்றத்தக்கவை. இரண்டும் அடிபட்ட பிறகு வருகிறவை. அடிபடுவதற்கு முந்திய ஒரு வினாடி ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

நிற்பது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வண்டிகளில் எல்லாம் நான் பெரிதாக மதிப்பது பஸ்ஸைத்தான். அதன் தர்மமே நிற்பது. 1920-இல் கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் ஆரம்பித்தார். கூடையோடு நிற்கும் கிழவிக்காகவும், புஸ்தகப் பையோடு நிற்கும் குழந்தைக்காகவும் நின்று நின்று போவதுதான் பஸ்ஸின் பெருமை. 2021 முதல் நம் டவுன் பஸ்களில் பெண்கள் சாதாரணக் கட்டண வண்டிகளில் காசு கொடுக்காமல் போகிறார்கள். ஸ்டாப்பிங்கைத் தாண்டி இருபது கஜம் தள்ளி நிறுத்துகிற டிரைவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்களும் கடைசியில் நிற்கத்தான் நிற்கிறார்கள்.

விஞ்ஞானமும் இப்போது நம் பக்கம் சேர்ந்துவிட்டது. புதிதாக வரும் மின்சாரக் கார்களில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் சக்தியில் ஒரு பகுதியை மறுபடியும் பாட்டரியில் சேர்த்து வைக்கிறது. பழைய வண்டியில் பிரேக் பிடித்தால் அந்தச் சக்தி வெறும் உஷ்ணமாகிக் காற்றில் போய்விடும். இந்த வண்டி நிற்கும்போது சம்பாதிக்கிறது. பிறருக்காக நிற்பதில் நஷ்டமில்லை என்பதை உபாத்தியாயர்கள் சொல்லிக் கேட்காத உலகத்துக்கு ஒரு பாட்டரியாவது சொல்லட்டும்.

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. தமிழாசிரியர் டிபன் பாத்திரத்தை மூடினார்.

"கடைசியில் எந்த வண்டி நல்ல வண்டி என்று சொல்லவில்லையே, ஸார்?"

"சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த வண்டியைக் கடைக்காரரிடம் கேட்டு ஓட்டிப் பார்க்க வாங்கிக்கொண்டு, நேரே நம் பள்ளிக்கூட வாசலுக்கு வாருங்கள். காலை ஒன்பதேகாலுக்கு, அவசரமாயிருக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். வேப்ப மரத்தடியிலிருந்து வாசலுக்குள் வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஹாரன் அடிக்காமல் நீங்கள் நிற்கிறீர்களா என்றும் பாருங்கள். இரண்டும் தேறினால், அதுதான் நல்ல வண்டி."

அவர் சிறிது நேரம் யோசித்தார். "முதல் பரீட்சையில் வண்டி தேறிவிடும். இரண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டமாகத் தோன்றுகிறது. தை மாதம் வரையில் பார்க்கலாமா?" என்றார்.

"பார்க்கலாம்" என்றேன். இரட்டை ஹாரனைக் கழற்றி மெக்கானிக் ஷெட்டிலேயே போட்டுவிட்டேன். பழைய ஹாரன் தொண்டை கட்டினவன் மாதிரி முனகுகிறது; அது போதும். தை பிறப்பதற்குள் நானும் அந்த இரண்டாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.